அத்தர் குப்பியிடம் நாம் கேட்காத கேள்வி

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த நேரம். ஒரு தாய் பள்ளிவாசலின் வெளிக்கதவருகே வந்து நின்றார். "ஹஜ்ரத், என் மகனுக்குப் பத்து வயசு. வீசிங் இருக்கு. ஜும்ஆவுக்கு வந்துட்டுப் போனா அன்னிக்கு ராத்திரி முழுக்க இருமுறான். புகை ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு. அவன் பள்ளிக்கு வரலாமா, வர வேணாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் உடனே பதில் இல்லை. ஜும்ஆவுக்கு அரை மணி நேரம் முன்பு ஜன்னல்களை அடைத்து, ஏசியைப் போட்டு, பிறகு கரி நெருப்பில் பகூரைத் தூவி ஒவ்வொரு ஸஃப்பாகக் காட்டிக்கொண்டு போவது நம் பள்ளியின் வழக்கம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு சகோதரர் டப்பா டப்பாவாக பகூர் வாங்கிக் கொடுத்ததில் தொடங்கியது அது. அந்த மணத்தில் நாமும் மகிழ்ந்தோம். யாருக்காவது ஆகாமல் போகுமோ என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நறுமணம் நமக்கு வெறும் அலங்காரம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் யார் நறுமணம் கொடுத்தாலும் மறுக்க மாட்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. ஜும்ஆவுக்குக் குளித்து, இருக்கும் நறுமணத்தைப் பூசி வருவது சுன்னத். இஹ்ராமுக்கு முன் நபியவர்களுக்குத் தம் கையால் நறுமணம் பூசிவிட்டதை ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அகில் கட்டையை வேறு எதுவும் கலக்காமலும், சில நேரம் அதனுடன் கற்பூரம் சேர்த்தும் புகைத்துவிட்டு, நபியவர்களும் இப்படித்தான் புகைத்தார்கள் என்று கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் பார்க்கிறோம். ஆகவே, அத்தரை விடுங்கள், பகூரை விடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

ஆனால் அதே நபியவர்கள்தான், பச்சைப் பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்றார்கள். பூண்டு ஹலால்தான். இருந்தும் அதன் வாடை பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை தரும் என்பதற்காக ஜமாஅத்தை விட்டே அவரை விலகி இருக்கச் சொன்னார்கள். 'அது கெட்ட வாடை, இது நல்ல வாசனை, இரண்டையும் ஒன்றாகப் பேசலாமா?' என்று சிலர் கேட்கலாம். மதரஸாவில் ஓதியவர்கள் இங்கே இல்லத்தைப் பார்ப்பார்கள். மனிதர்கள் எதனால் தொல்லைப்படுகிறார்களோ அதனால் மலக்குகளும் தொல்லைப்படுகிறார்கள் என்ற கருத்து அந்த ஹதீஸிலேயே வருகிறது. சட்டத்தின் காரணம் தொல்லைதான். பத்து வயதுப் பையனை இரவெல்லாம் இருமவைக்கும் புகை எத்தனை மணமாக இருந்தால் என்ன, அவனுக்கு அது தொல்லை.

எனவே இந்தப் புகையைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தோம். ஓமானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பகூர் பற்றி ஓர் ஆய்வு நடந்து, 2009இல் வெளிவந்தது. பகூர் புகைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அதிகம் என்று அதில் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பைத் தூண்டிவிடும் பொருள்களில் பகூரும் ஒன்று என்று தெரிந்தது. அந்தத் தாய் சொன்னதும் இதேதான். 2013இல் அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐக்கிய அரபு அமீரகத்தில் பயன்படும் ஊதையும் பகூரையும் ஓர் அறைக்குள் எரித்து அளந்து பார்த்தார்கள். நுண்துகள்கள், கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு ஆகியவை வெளிவந்தன. அந்தப் புகை பட்ட நுரையீரல் செல்களில் அழற்சியும் காணப்பட்டது.

சிங்கப்பூர் சீனர்களில் 61,000க்கும் அதிகமானோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நீண்ட காலம் தினமும் ஊதுபத்தி எரித்தவர்களுக்கு மூச்சுப் பாதையின் மேல்பகுதியில் ஒருவகைப் புற்றுநோய் அதிகம் என்று அது கூறியது. நாள் முழுக்க ஊதுபத்தி எரியும் வீடுகள் அவை. வாரம் ஒருமுறை பகூர் காட்டுபவர் இதைப் படித்து நடுங்க வேண்டாம். மூடிய அறையில் தினமும் எரிப்பவர் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம்.

கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீக்குச்சி காட்டியதும் பற்றிக்கொள்ளும் வட்டக் கரி வில்லைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. விரைவில் பற்றுவதற்காக அவற்றில் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். பகூர் தீர்ந்து மணம் நின்ற பிறகும் கரி கனன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கைக்குழந்தை தூங்கும் ஏசி அறையில் மஜ்மரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது ஆபத்து. பிரசவித்த வீடுகளில் தாயையும் சேயையும் ஒரே அறையில் வைத்து சாம்பிராணி போடும் பழக்கமும் இப்படித்தான். தலைமுடியை உலர்த்தத்தான் புகை போடுகிறோம் என்றால் குழந்தையை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டுப் போடலாமே. உறங்கும்போது நெருப்பை அணைத்துவிடுங்கள் என்று நபியவர்கள் கட்டளையிட்டிருப்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் புகைத்தது கலப்பில்லாத அகில் கட்டை. இன்று நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கும் பகூர் பெரும்பாலும் மரத்தூளிலும் சில்லுகளிலும் செயற்கை வாசனை எண்ணெய்களை ஊறவைத்துச் செய்தது. தோலில் பூசுவதற்காகச் செய்த ஒரு வாசனைப் பொருள் நெருப்பில் விழும்போது வேறு பொருளாக மாறுகிறது. தோலுக்குப் பாதுகாப்பானது என்பதால் அதன் புகை நுரையீரலுக்கும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

இனி குப்பிக்கு வருவோம். அத்தர் வாங்கும்போது நம் மக்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "பாய், இதுல ஆல்கஹால் இருக்கா?" இல்லை என்றதும் மனம் நிம்மதியாகிவிடும். நறுமணத்தில் சேரும் ஆல்கஹாலின் சட்டம் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நாம் போகவில்லை. நம் கவலை வேறு. 'ஆல்கஹால் இல்லாதது' என்ற முத்திரையைப் பார்த்ததும் அது சுத்தமானது, இயற்கையானது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். ஆல்கஹாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை ஊற்றினார்கள் என்று கேட்பதில்லை.

உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் பழைய முறை இன்றும் நடக்கிறது. செம்புக் கலத்தில் பூவையும் தண்ணீரையும் போட்டு, களிமண்ணால் வாய் பூசி, விறகு அடுப்பில் வேகவைப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இன்னொரு பாத்திரத்துக்குப் போய், அதில் இருக்கும் சந்தன எண்ணெயில் இறங்கும். அதுதான் அத்தர். சந்தன எண்ணெயின் விலை ஏற ஏற, அந்த இடத்துக்கு லிக்விட் பாரஃபின் வந்தது. டிஓபி என்று வணிகர்கள் சுருக்கமாகச் சொல்லும் எண்ணெயும் வந்தது. பிளாஸ்டிக்கை இளக்குவதற்காகச் செய்யப்படும் தாலேட் வகைப் பொருள் அது. இனப்பெருக்க நலனைப் பாதிக்கும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இதை அழகுசாதனப் பொருள்களில் தடை செய்துள்ளது. இதே குடும்பத்தில் டிஇபி என்ற இன்னொன்று உண்டு. அதற்கு அங்கே தடை இல்லை. ஆகவே தாலேட் என்ற பெயரைக் கேட்டதுமே எல்லாம் விஷம் என்று ஓடவும் தேவையில்லை. எது என்று தெரிய வேண்டும். ஆனால் மூன்று மில்லி குப்பியில் 'வைட் ஊத்' என்று மட்டும் ஒட்டி விற்கும்போது எது என்று எப்படித் தெரியும்?

பெரிய நிறுவனங்களின் பாட்டில்களிலும் பல நாடுகளில் இதே கதைதான். எத்தனை பொருள் கலந்திருந்தாலும் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லில் மறைத்துவிடலாம். தொழில் ரகசியம் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் முதன்முதலாக ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களைக் குறிப்பிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்றது. 2023இல் அந்தப் பட்டியல் எண்பதுக்கும் மேலாக விரிந்தது. லிரால் என்ற பொருள் அதிகம் பேருக்குத் தோல் அழற்சி தந்ததால் 2021 ஆகஸ்டோடு அங்கே கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. இனப்பெருக்க நலன் கருதி லிலியால் 2022 மார்ச்சில் தடை செய்யப்பட்டது. இரண்டும் பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் சோப்பிலும் சென்ட்டிலும் இருந்தவை.

'நாம் வாங்குவது இயற்கை அத்தர், நமக்கென்ன?' என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பட்டியலில் உள்ள பொருள்களில் பல பூவிலும் பட்டையிலும் இயற்கையாகவே இருப்பவை. கிராம்பில் உள்ள யூஜினால், லவங்கப்பட்டையில் உள்ள சின்னமால், ரோஜாவில் உள்ள ஜெரானியால் எல்லாம் அதில் உண்டு. பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தின் தோல் எண்ணெயைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் எண்ணெய் வழிந்த தடம் கறுத்துப்போகும். அப்படிக் கறுக்கச் செய்யும் பொருளை நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது. நீக்கியதா இல்லையா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். புதிய அத்தரை முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பார்ப்பது நல்லது. சொறி வரும் தோல் உள்ளவர்கள் ஆடையில் பூசிக்கொண்டால் போதும். கைக்குழந்தைகளுக்குப் பூசவே வேண்டாம். அவர்களிடம் அல்லாஹ் வைத்திருக்கும் மணத்துக்கு மேல் நாம் எதைச் சேர்க்கப்போகிறோம்?

நாம் பூசிய மணம் நம்மோடு முடிந்துவிடுவதும் இல்லை. கஸ்தூரியை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான கஸ்தூரி இமயம் முதல் சைபீரியா வரை வாழும் ஒருவகை ஆண் மானின் வயிற்றுப் பையில் உருவாவது. ஒரு பையில் கிடைப்பது சுமார் 25 கிராம். வேட்டைக்காரன் வைக்கும் கண்ணிக்கு ஆண், பெண், குட்டி என்ற பேதம் தெரியாது. பெட்டைகளும் குட்டிகளும் வீணாகச் சாகின்றன. இன்று இந்தியாவில் அந்த மான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எனவே தெருவோரத்தில் 'ஒரிஜினல் கஸ்தூரி' என்று யாராவது நீட்டினால் ஒன்று அது பொய், அல்லது குற்றம்.

அதற்கு மாற்றாகத்தான் செயற்கை கஸ்தூரி வந்தது. 1888இல் ஆல்பர்ட் பவுர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்ட மணம் அது. மான் பிழைத்தது என்று பார்த்தால் வேறு வினை வந்தது. குளியலறையிலும் சலவைத் தண்ணீரிலும் கழுவப்பட்ட இந்த வகைப் பொருள்கள் எளிதில் மக்கிப் போகவில்லை. ஜப்பானின் டாமா ஆற்று மீன்களின் உடலில் அவை இருப்பது 1981இல் தெரியவந்தது. 1990களில் ஜெர்மனியில் தாய்ப்பாலிலேயே கண்டார்கள். மஸ்க் அம்ப்ரெட் என்பது நரம்பைப் பாதிக்கும் என்று தெரிந்து விலக்கப்பட்டது. மஸ்க் சைலீன் சூழலில் அழியாமல் உடலில் சேர்ந்துகொண்டே போகும் என்று ஐரோப்பா வகைப்படுத்தி, 2014இல் அதன் பயன்பாட்டை முடித்துவைத்தது. இன்று மக்கிப்போகும் புதிய வகைகளும் வந்துவிட்டன. விலை மலிவான சரக்கில் எது இருக்கிறது என்பதுதான் மறுபடியும் கேள்வி.

அகில் மரத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளில் மேற்கு மலைச் சந்தனமும் அகிலும் இருந்ததாகப் பட்டினப்பாலை கூறுகிறது. அது இதே மரம்தானா என்பது வேறு விவாதம். இன்று நாம் ஊத் என்று கொண்டாடுவது அசாம் முதல் இந்தோனேசியா வரை வளரும் அக்குலேரியா மரம். நல்ல நிலையில் உள்ள மரத்துக்கு அந்த மணம் கிடையாது. காயம் பட்டு, பூஞ்சை புகுந்து, அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் கட்டையில் ஊறிக் கறுத்தால்தான் ஊத். காட்டில் பத்து மரத்தில் ஒன்றுக்குக்கூட அப்படி நடப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்வதும் கடினம். அதனால் வெட்டிப் பார்த்து, இல்லையென்றால் போட்டுவிட்டு அடுத்ததை வெட்டினார்கள். வளைகுடாவின் செல்வம் பெருகப் பெருகக் காடுகள் மெலிந்தன. அழியும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையில் அக்குலேரியா மலாக்கென்சிஸ் 1995இல் சேர்க்கப்பட்டது. 2004இல் அந்த இனம் முழுவதையுமே சேர்க்க முடிவானது. வளர்ப்பு மரமானாலும் நாடு விட்டு நாடு விற்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

இதில் மனதுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. அசாமின் ஹோஜாய் வட்டாரத்தில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் உட்படப் பலர் வீட்டுக் கொல்லையிலேயே அகில் மரம் வளர்த்து வாழ்கிறார்கள். காட்டு மரம் என்று பெருமை பேசி விற்பதைவிட, வளர்ப்பு மரம் என்று சொல்லி விற்பதை வாங்குவது நல்லது.

உம்ராவுக்கும் வேலைக்கும் போய்வருபவர்களுக்கு ஒரு தகவல். சொந்தப் பயன்பாட்டுக்காக ஒருவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவர சைட்டஸ் தரும் சலுகை ஒரு கிலோ கட்டை, 24 மில்லி எண்ணெய், இரண்டு தஸ்பீஹ் மாலைகள் வரைதான். சில நாடுகள் இதையும் இறுக்கியிருக்கலாம் என்பதால் பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரார் எல்லோருக்கும் சேர்த்துப் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வருவது நல்ல எண்ணம்தான், ஆனால் விமான நிலையத்தில் அது எடுபடாது.

அம்பரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் கடலோர ஊர்ப் பிள்ளைகள் இதில் சிக்குகிறார்கள். அது கடல் வெளியே தள்ளிய பொருள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதை புகாரியில் படித்திருக்கிறோம். கரையில் கிடந்ததைத்தானே எடுத்தோம், யாரையும் கொல்லவில்லையே என்று தோன்றும். ஆனால் ஸ்பெர்ம் திமிங்கலம் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதன் உடலிலிருந்து வந்த அம்பரை இந்தியாவில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 'கோடி ரூபாய் சரக்கு' என்ற ஆசையில் கைமாற்றிவிடப் போய்ப் பிடிபட்டவர்களின் செய்தி அடிக்கடி நாளிதழில் வருகிறது. 2022 ஜூலையில் கேரளத்தின் விழிஞ்ஞம் மீனவர்கள் கடலில் கிடைத்த சுமார் 28 கிலோ அம்பரை அப்படியே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அதுவே வழி.

மரமும் மானும் போலவே மனிதர்களும் இந்தக் குப்பிக்குள் இருக்கிறார்கள். உலக மல்லிகைச் சாற்றில் பெரும்பங்கு எகிப்திலிருந்து வருகிறது. அங்கே கர்பிய்யா மாகாணத்தில் விடியலுக்கு முன்பே சிறு பிள்ளைகள் பூப்பறிக்கப் போவதை 2024இல் பிபிசி படம்பிடித்துக் காட்டியது. ஒரு குடும்பம் முழுதும் பறித்து எடுத்துவரும் பூவுக்குக் கிடைத்த கூலி அற்பம். கண் அழற்சியோடு பறித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியையும் அதில் பார்த்தோம். அந்தப் பூ ஐரோப்பாவின் விலையுயர்ந்த பாட்டில்களுக்குப் போகிறது. கூலியை வியர்வை உலரும் முன் கொடுங்கள் என்று மிம்பரில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது நம் சட்டையிலிருந்து எந்தப் பூ மணக்கிறது என்று அன்றிரவு யோசித்தோம்.

அத்தர் வணிகத்தில் நம் சமுதாயத்தவர் நிறைய இருப்பதால் அவர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்லலாம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபியவர்கள், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். டிஓபியில் கலந்ததை டிஓபி என்று சொல்லி விற்பதில் என்ன இழப்பு? நறுமணத் தொழிலின் சர்வதேசச் சங்கமான இஃப்ரா 1973லிருந்து எந்தப் பொருளை எவ்வளவு சேர்க்கலாம் என்று விதிகள் வகுத்துவருகிறது. அதன் விதிகளுக்கு உட்பட்டுச் செய்த எண்ணெயா என்று மொத்த வியாபாரியிடம் சான்று கேட்கலாம். அவரும் தம் ஆலையிடம் கேட்பார். கேட்கும் வாடிக்கையாளர் இல்லாதவரை யாரும் காட்டப் போவதில்லை.

நம் பள்ளிக்குத் திரும்புவோம். அந்தத் தாயின் கேள்வியை நிர்வாகக் கூட்டத்தில் வைத்தோம். பகூர் கொடுத்த சகோதரரிடமும் தொலைபேசியில் பேசினோம். அவர் வருத்தப்படுவார் என்று பயந்தோம். அவரோ, "ஹஜ்ரத், இங்க எங்க ரூம்லயே ஒருத்தருக்கு ஆகாது, நாங்க பால்கனியிலதான் போடுவோம். அங்கயும் வெளியிலயே போடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் நாம் தயங்கிய விஷயம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. இப்போது பகூர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லா ஜன்னல்களும் திறந்திருக்க, ஹவுளுக்குப் பக்கத்து முற்றத்தில் மட்டும் போடப்படுகிறது. மக்கள் வருவதற்குள் புகை போய்விடும், மணம் கொஞ்சம் தங்கும். பள்ளிக்குப் பக்கத்து அத்தர் கடைக்காரர் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. "நீங்க ஒரு ஆள்தான் கேக்குறீங்க ஹஜ்ரத்" என்கிறார். அந்தப் பையன் இப்போது இரண்டாவது ஸஃப்பில் வந்து நிற்கிறான்.